மூன்றாம் ஓலை

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செலின் அக்கா மாடிக்கு வந்தார். கையில் தூக்கு. கோழிக் குழம்பு. அதைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, முந்தானையால் தலையில் விழுந்திருந்த தூறலைத் துடைத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அந்த ஃபைலு ஒங்கிட்டதான கீது தம்பி?"

"எந்த ஃபைல்க்கா?"

"வித்யா வாங்கியாந்து வெச்சுதே. ஹெலினாவோடது."

இருக்கிறது என்றேன்.

"குட்துடு. கல்யாண ஊடு. நாலு பேரு வருவாங்க போவாங்க. எவனாவது எடுத்துப் பாத்துட்டா?"

என் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. அது அவருக்கும் தெரியும்.

"ஹெலினா கேட்டா குடுத்துடறேன்."

"அவளுக்கு இன்னா தெரியும். பேப்பர்தான தம்பி அது. வித்யா நல்ல பொண்ணுதான், இல்லன்னு சொல்லல. ஆனா அது பாட்டுக்கு ஒரு பேப்பர வாங்கிக் குட்துட்டுப் போய்ச் சேந்துட்ச்சு. மாட்டிகினு முழிக்கிறது யாரு? நானு."

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "கொழம்பு ஆறதுக்குள்ள சாப்புடு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மேனாம்பேட்டில் அந்த வீட்டு மாடியில் நான் குடியேறி மூன்று வருடம். கீழே இக்னேஷியஸ், செலின், அவர்களுடைய ஒரே மகள் ஹெலினா. இக்னேஷியஸ் ஆவடி ஃபேக்டரியில் ராணுவ உடுப்பு தைத்து ஓய்வு பெற்றவர். ஹெலினாவுக்கு இருபத்தேழு வயது. திருமழிசையில் ரப்பர் சீல் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். நானும் அதே கம்பெனிதான், டிஸ்பேட்ச். என் மனைவி வித்யா, ஹெலினாவுக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவள். மாடி காலியாக இருப்பதை எங்களுக்குச் சொன்னது ஹெலினாதான். இந்த வருடம் மார்ச்சில் வித்யா ஒன்பது நாள் காய்ச்சலில் இறந்தாள்.

கத்தோலிக்கர்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். பெண்ணின் கோயிலிலும், மாப்பிள்ளையின் கோயிலிலும். பூசை முடியும் நேரத்தில் சாமியார் மைக்கில் சொல்வார்: இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். நான் இந்து. இக்னேஷியஸ் கூப்பிட்டார் என்று அன்றைக்குப் போயிருந்தேன். பூந்தமல்லி ஃபெலிக்ஸ், மேனாம்பேடு ஹெலினா, முதல் ஓலை. கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற இடத்தில் பெண்கள் பக்கம் ஒரு தலை நிமிர்ந்தது. ஹெலினா.

இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்ப்பதற்குச் சுலபம். நீள மேஜை, மேலே டியூப் லைட் வரிசை, பதினான்கு பெண்கள். ஒவ்வொருத்தர் முன்னும் ஒரு டப்பா நிறையக் கறுப்பு வளையங்கள். வளையத்தை இரண்டு விரலில் மாட்டி இழுத்து, சுற்றிப் பார்த்து, பிசிறு, வெட்டு, கொப்புளம் இல்லையென்றால் வலது பக்கம் போட வேண்டும். ஒரு ஷிப்டில் நாலாயிரம். மெஷின் ஓடும் சத்தம், ரப்பர் வேகும் நாற்றம். இதெல்லாம் பதின்மூன்று பேருக்குப் பழகிவிட்டது. அவர்கள் விரல் பாட்டுக்கு வேலை செய்ய, வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். மேஜைக்குப் பொறுப்பு பேபி அக்கா. நாளெல்லாம் யாரையாவது கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பார்.

ஹெலினா வேலையில் கெட்டி. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடம் பாத்ரூமில் விளக்கை அணைத்துவிட்டு நிற்பாள். மாலையில் கம்பெனி பஸ்ஸில் யார் பேசினாலும் பதில் வராது. திமிர் பிடித்தவள் என்று மேஜையில் பேச்சு. ஒரு நாள் வித்யா கேட்டிருக்கிறாள்: "பேபி அக்கா சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சோமே, நீ ஏன் சிரிக்கல?"

ஹெலினா சொன்னாளாம்: "ஒரு நாளைக்கு எட்டு தடவை சிரிப்பேன். மத்தியானத்துக்குள்ள எட்டும் ஆயிடுச்சு."

வித்யா அன்றிரவு இதை என்னிடம் சொன்னாள். பிறகு எங்கெங்கோ படித்தாள், விசாரித்தாள். ஓவர்டைம் என்று கீழ் வீட்டில் சொல்லிவிட்டு ஐந்து சனிக்கிழமை ஹெலினாவை நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். குழந்தைப் பருவம் பற்றி அம்மா வந்து சொல்ல வேண்டும் என்று டாக்டர் கேட்டார். செலின் அக்கா, "என் பொண்ணு லூசு இல்ல" என்று சொல்லிவிட்டார். வித்யாதான் கூட உட்கார்ந்தாள். கடைசியில் பன்னிரண்டு பக்கம் வந்தது. ஆட்டிசம். பேசுகிற, படித்த, வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு அது இருக்கும் என்று நானும் அதுவரை நினைத்ததில்லை. ஹெலினா பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னாளாம். "அப்ப நான் சோம்பேறி இல்ல."

முதல் பிரதியைச் செலின் அக்கா கிழித்துப் போட்டார். இரண்டாவது பிரதி எங்கள் அலமாரிக்கு வந்தது அப்படித்தான்.

வித்யாவை எடுத்த அன்று ஹெலினா வாசலில் நாலு மணி நேரம் நின்று, வந்தவர்கள் செருப்பையெல்லாம் ஜோடி ஜோடியாக அடுக்கினாள். அழவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று பெண்கள் பேசிக்கொண்டது எனக்கே கேட்டது. நானும் அழவில்லை. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஹெலினா எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். திரும்பாமல் ஜன்னலைப் பார்த்தே பேசினாள். அவள் அப்படித்தான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அண்ணா என்று சொல்லடி என்று அவள் அம்மா எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். "நான் இவரவிட எட்டு மாசம் பெரியவ" என்பாள்.

"கௌதம், நேத்து சாமியார் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டேன்."

"தடை ஏதும் தெரிஞ்சவங்க தெரிவிக்கணும்னார். எனக்கு ஒண்ணு தெரியும். அம்மா தெரிவிக்காதன்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா செய்ய முடியாது."

"அவர் சொல்றது வேற. ஏற்கெனவே கல்யாணம் ஆனவங்க, நெருங்கின ரத்த சொந்தம், அந்த மாதிரி."

"அப்படிச் சொல்லல. தடை ஏதும்னு சொன்னார். ஏதும்."

பஸ் திருவேற்காடு திருப்பத்தில் தண்ணீரில் ஊர்ந்தது. இரண்டு நாள் மழை. ரோடு எது, பள்ளம் எது என்று டிரைவருக்கே தெரியவில்லை.

"உனக்கு இந்தக் கல்யாணம் வேணுமா வேண்டாமா?"

"வேணும். ஃபெலிக்ஸ் பொண்ணு பாக்க வந்தப்ப டிவி சத்தத்த அவரே கொறச்சார். யாரும் சொல்லல."

"அப்புறம் என்ன?"

"அவர் யாரைக் கட்டிக்கப் போறார்னு அவருக்குத் தெரியணும் இல்ல? போன்ல நான் பேசறது எல்லாம் அம்மா நோட்ல எழுதிக் குடுத்தது. சாப்ட்டீங்களா. வேலை எப்படிப் போச்சு. அங்க மழை பெய்யுதா. மூணு கேள்வி. தெனமும் கேக்கறேன். அவர் சிரிக்கிறார். ஏன் சிரிக்கிறார்னு தெரியல. மேனாம்பேட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஒரே மழைதான."

வித்யா இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள்.

புதன்கிழமை சாயங்காலம் கீழே அன்பியம் கூட்டம். தெருவில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். கல்யாண வீடு என்பதால் இருபத்திரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். ஃபெலிக்ஸின் அம்மாவும் பூந்தமல்லியிலிருந்து வந்திருந்தார். சின்ன ஹால். கைதட்டிப் பாட்டு. உள்ளே சுண்டலுக்குக் குக்கர் விசில். ஹெலினாவுக்குச் சரிகை உறுத்தும் பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, வருகிறவர்களுக்குக் காப்பி கொடுக்க நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொருத்தரும் அவளைக் கட்டிப்பிடித்து நெற்றியில் சிலுவை போட்டார்கள்.

ஏழு மணிக்கு மாடிப்படியில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பாதிப் படியில் ஹெலினா உட்கார்ந்திருந்தாள். காதைப் பொத்தியிருந்தாள். பூவையெல்லாம் பிய்த்துப் பக்கத்தில் குவித்து வைத்திருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் திறந்துதான் இருந்தது. பதில் இல்லை.

செலின் அக்கா கீழ்ப்படியில் வந்து நின்றார். குரல் மேலே வராமல் பேசினார்.

"எந்திரி. அஞ்சு நிமிசம். அந்தம்மா கெளம்பறாங்க. சிரிச்சிட்டு வந்துடு."

அசைவில்லை.

"பக்கத்து ஊட்டு பொண்ணுங்கல்லாம் செய்யலியா. ஒனக்கு மட்டும் இன்னா வந்துச்சு. ஒன் கால்ல உழறேன்டி."

உண்மையாகவே குனிந்து அவள் காலைத் தொட்டார். ஹெலினா காலைச் சுருக்கிக்கொண்டாள். செலின் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார், நான் ஏதோ செய்துவிட்ட மாதிரி. பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். "தல வலி சம்பந்தி, காலைலேந்தே" என்று ஹாலில் சொல்வது கேட்டது. "வெக்கம்தான், வேற இன்னா" என்றது இன்னொரு குரல். சிரித்தார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் வித்யா இரண்டு படி கீழே போய் உட்காருவாள். பேசமாட்டாள், தொடமாட்டாள். நானும் போய் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். சுண்டலோடு வந்த இக்னேஷியஸ், எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தட்டைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்ததும் ஹெலினா நேராகச் சாமியார் அறைக்குப் போய்விட்டாள். அன்று நான் போகவில்லை. சாயங்காலம் இக்னேஷியஸ் மொட்டைமாடிக்கு வந்து சொன்னார். மழை விட்டிருந்தது. தொட்டி மூடியில் தேங்கியிருந்த தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே பேசினார். கையில் ஏதாவது வேலை இல்லாமல் அவருக்குப் பேச வராது.

"சாமியாராண்ட போயி, எனக்கு ஒரு தடை தெரியும் ஃபாதர், அது நாந்தான்னு சொல்லிகீறா."

"அவர் என்ன சொன்னார்?"

"மொதல்ல பயந்துட்டாராம், வேற இன்னாவோன்னு. அப்பறம் எல்லாம் கேட்டுட்டு, இது தடை இல்லம்மா, திருச்சபை சட்டத்துல இதெல்லாம் வராது, தைரியமா கட்டிக்கோன்னு சொல்லி ஜெபம் பண்ணி அனுப்பிட்டாரு. செலினுக்கு ஒரே சந்தோசம். பாத்தியா, சாமியாரே சொல்லிட்டாருன்னு."

"ஹெலினா?"

துடைப்பத்தை நிறுத்தினார்.

"அவ கேக்கறா, தடை இல்லன்னா அத ஏன் மறைக்கணும்னு. நானும் ரோட்டுல வரும்போதெல்லாம் ரோசன பண்ணிகினே வந்தேன் தம்பி. பதில் கெடைக்கல."

மறுபடி தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தார்.

"ரெண்டு வரன் வந்து போய்ட்ச்சு. ஒண்ணு, பொண்ணு மொகம் குட்து பேசலன்னு. இன்னொண்ணு, சொல்லவே இல்ல. இது மாசக் கடசில முடியணும். முடியலன்னா கிறிஸ்மஸுக்கு முன்ன நாலு வாரம் கல்யாணம் கெடையாது, எங்க வயக்கம். அப்பறம் தையி. அதுக்குள்ள அவங்க சும்மா இருப்பாங்களா? எனக்கு அறுவத்தி மூணு. செலினுக்குச் சக்கர. நாங்க போய்ட்டா அவளுக்கு யாரு? இதான் தம்பி செலினுக்கு ராத்திரி பகல்னு ஓடிகினு கீது. கெட்டவ இல்ல அவ."

"தெரியும்."

"நீ கொஞ்சம் சொல்லிப் பாரேன். கல்யாணம் ஆவட்டும், அப்பறம் மெதுவா சொல்லிக்கலாம்னு. நீ சொன்னா கேப்பா."

நான் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் சொல்லவும் செய்தேன். ஹெலினா கவனமாகக் கேட்டாள்.

"அப்புறம்னா எத்தனை நாள் கழிச்சு?"

"ஒரு வருஷம்."

"ஒரு வருஷம் காலைலேந்து ராத்திரி வரைக்கும் சிரிக்கணும். இங்க எட்டு மணி நேரம்தான். பாத்ரூம் இருக்கு, வீட்டுக்குப் போனா கதவைச் சாத்திக்கலாம். அங்க எப்ப முடியும்?"

அவளே தொடர்ந்தாள்.

"நாளைக்கு ஷிப்ட் ஒரு மணிக்கு முடிஞ்சிடும். ஃபெலிக்ஸ் கடைக்குப் போறேன். ஃபைல் எடுத்துட்டு வாங்க. என்ன சொல்லணும்னு எழுதி வெச்சிருக்கேன். இது நான் எழுதினது."

ஃபெலிக்ஸுக்குப் பூந்தமல்லியில் மெயின் ரோட்டை ஒட்டி வண்டி ஒயரிங் கடை. முப்பத்தொரு வயது, ஒல்லி, ஐடிஐ படித்தவர். நாங்கள் போனபோது ஒரு ஷேர் வேனுக்கு ஏர் ஹாரன் மாட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு எழுந்தார். அதற்குள் வேன்காரர் அப்துல் ரசாக் உள்ளே உட்கார்ந்து ஹாரனை அழுத்திவிட்டார்.

ஐந்து சுதியில் நீளமாக அடித்தது. நிறுத்தி, மறுபடி அழுத்தினார்.

ஹெலினாவின் கையில் நாலாக மடித்த தாள் இருந்தது. அதைப் பிரிக்கவே இல்லை. என் கையிலிருந்த ஃபைலை வாங்கி, மேஜையில் கிடந்த ஒயர்களின் மேல் வைத்துவிட்டு, ரோட்டைக் கடந்து எதிரே மூடியிருந்த ஒரு ஷட்டருக்கு முன் போய் நின்றுவிட்டாள். முதுகு மட்டும் தெரிந்தது.

"இன்னா மாமே," என்றார் அப்துல் ரசாக். "மாமனார் ஊட்டு சைடா? பொண்ணு ஹாரனுக்கே ஓடுது, ஒன் மூஞ்சப் பாத்தா இன்னா ஆவும்?"

"யோவ், வண்டிய அந்தாண்ட போட்டுட்டு டீ சாப்ட்டு வா."

வேன் போனதும் ஃபெலிக்ஸ் ஃபைலைத் திறந்தார். முதல் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா பிரதர் இது. ஆஸ்பத்திரி பேப்பர் மாரி கீது. கொழந்த பொறக்காதா?"

"அது இல்ல."

"பின்ன? உசுருக்கு எதனா?"

"இல்ல. ஆட்டிசம்னு சொல்வாங்க."

"அது கொழந்தைங்களுக்கு வர்றதில்ல? எங்க கோயிலாண்ட ஒரு பையன் கீறான், பேச மாட்டான். இவங்க வேலைக்கே போறாங்களே."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நமக்குத் தானாக வருவதை அவள் ஒவ்வொன்றாக யோசித்துச் செய்ய வேண்டும், சிரிப்பது, கண்ணைப் பார்ப்பது, எப்போது பேச வேண்டும் எப்போது நிறுத்த வேண்டும் என்பது. சத்தம் அவளுக்கு வலி மாதிரி. யாராவது திடீரென்று தொட்டால் சுட்ட மாதிரி. இதெல்லாம் வெளியே தெரியாமல் நாள் முழுக்கச் சமாளிப்பாள், சாயங்காலம் பேச்சு நின்றுபோகும். சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே பொய் போல் கேட்டது.

ஃபெலிக்ஸ் கேட்டுக்கொண்டே ஒரு ஒயர்த் துண்டைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார்.

"நிச்சயத்தன்னிக்கி மோதரம் போட கையப் புட்ச்சேன். வெடுக்குனு இஸ்துகிச்சு. நூறு பேர் பாத்தாங்க. ஊட்டுக்கு வந்ததும் எங்கக்கா இன்னா சொல்ச்சு தெரியுமா? அந்தப் பொண்ணுக்கு வேற ஆளு கீதுடான்னு. ரெண்டு மாசமா அதான் பிரதர் மண்டைல ஓடுது. போன் பண்ணா மழ பெய்தான்னு கேக்கறாங்க. வெயில் மண்டையப் பொளக்கும்போதும் மழ பெய்தான்னு கேட்டாங்க. யாரோ பக்கத்துல நின்னு பேச வெக்கிற மாரியே இருக்கும். நா சிரிச்சிட்டு வெச்சுடுவேன்."

"அவங்க அம்மா எழுதிக் குடுத்தது."

"இத யாரு குடுக்கச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. அவளே."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு லாரி போய், பஸ் போய், மறுபடி முதுகு தெரிந்தது.

"அங்க இன்னா பாக்கறாங்க?"

"ஒண்ணும் இல்ல."

"நாளிக்கி மூணாவது ஓல." குரல் கொஞ்சம் ஏறியது. "பத்திரிக குட்தாச்சு. இப்ப கொணாந்து மேசல வெச்சா நா இன்னா பண்றது? ரெண்டு மாசமா எல்லாரும் இன்னா புடுங்கினு இருந்தீங்க? நீ சொல்லு பிரதர். ஒனக்கும் தெரியும்ல?"

"தெரியும்."

"பின்ன?"

அவர் ஃபைலை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். ரோட்டைக் கடந்து போகவில்லை. போவார் என்று நின்று பார்த்தேன். ஒரு பேட்டரியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் கழித்து ஹெலினாவுக்குப் பேச்சு வந்தது.

"என்ன சொன்னார்?"

"ஃபைலை வாங்கி வெச்சுகிட்டார்."

"கோபமா?"

"கொஞ்சம்."

"என் மேலயா? எல்லார் மேலயுமா?"

"தெரியல."

"கல்யாணம் நடக்குமா?"

"தெரியல ஹெலினா."

அவள் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் தெரியாதா? நான், எனக்கு மட்டும்தான் இதெல்லாம் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை மேனாம்பேட்டுக் கோயிலில் மூன்றாவது ஓலை வாசிக்கப்பட்டது. தடை ஏதும் தெரிந்தவர்கள் என்று சாமியார் சொல்லிவிட்டு வழக்கம்போல அடுத்த அறிவிப்புக்குப் போனார். செலின் அக்கா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். நாங்கள் பூந்தமல்லிக்குப் போனது அவருக்குத் தெரியாது. ஹெலினா சொல்லவில்லை. அம்மா கேட்கவில்லை என்றாள்.

மத்தியானம் சாப்பிட என்னையும் கீழே கூப்பிட்டார்கள். மாட்டுக்கறி வறுவல், ரசம். பெருமழை. தெருவில் முழங்கால் தண்ணீர். ஒரு மணி இருக்கும், ரெயின்கோட்டில் ஃபெலிக்ஸ் வந்து வாசலில் நின்றார். பேன்ட்டை முட்டிவரை மடித்திருந்தார். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஃபைலை எடுத்தார். செலின் அக்காவுக்கு அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என்னைத்தான் பார்த்தார்.

"வாங்க மாப்ள, உக்காருங்க, சாப்புடுங்க," என்றார் இக்னேஷியஸ்.

"சாப்பாடு இருக்கட்டும் மாமா. ஒண்ணு சொல்லிட்றேன். எங்க கோயில்ல இன்னிக்கி ஓல வாசிக்கல. வோணாம்னு நாந்தான் காலைல சாமியாராண்ட சொன்னேன்."

செலின் அக்கா சமையலறை வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தார். இக்னேஷியஸ் கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"வோணாம்னா... கல்யாணமே வோணாமா மாப்ள?"

"அது தெரியல மாமா. தெரியாம வாசிக்க வோணாம்னு சொன்னேன். அவ்ளோதான்."

"திருப்தியாடி?" என்றார் செலின் அக்கா. மகளைப் பார்க்காமல், தரையைப் பார்த்து. "ஊரே வந்து சோறு துன்னுட்டு, காறித் துப்பிட்டுப் போவும். திருப்தியா?"

ஹெலினா ஃபெலிக்ஸிடம் கேட்டாள்.

"படிச்சீங்களா?"

"பன்னெண்டு பக்கம் கீது. எல்லாம் இங்கிலீஷு. ரெண்டு பக்கம் தாண்டல. போன்ல போட்டுப் பாத்தேன், அது இன்னாவோ தமிழ்ல ஒளறுது. ராத்திரி மூணு மணி வரிக்கும் முட்டிகினு கெடந்தேன்."

"எங்க நிறுத்தினீங்க?"

"மூணாவது பக்கம்."

"நான் படிச்சுச் சொல்றேன்."

ஃபெலிக்ஸ் வந்து சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்தார். ஹெலினாவும் உட்கார்ந்தாள். அவருக்கு எதிரே இல்லை, அதே பக்கம், நடுவில் ஒரு நாற்காலி விட்டு. இக்னேஷியஸ் தட்டுகளைத் தள்ளி இடம் செய்தார். மூன்றாம் பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் படித்துவிட்டுத் தமிழில் சொன்னாள். கம்பெனியில் ரிஜெக்‌ஷன் ஷீட் படிக்கிற அதே குரல், ஏற்றம் இறக்கம் இல்லாமல். அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அவளைப் பெற்றவர்கள் அதுவரை கேட்டதில்லை.

"கொழந்தைப் பருவம். தாய்கிட்டேந்து தகவல் வாங்க முடியல. தோழி வித்யா கூட இருந்தாங்க."

நான் ரசக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஹெலினாவுக்குத் தெரிஞ்ச வரைக்கும், அஞ்சு வயசுலதான் பேச ஆரம்பிச்சதா சொல்றாங்க. மொத வார்த்தை என்னன்னு தெரியல. தனியா வெளையாடறது..."

"அஞ்சு இல்ல."

சொன்னது செலின் அக்கா. வாசற்படியிலிருந்தே சொன்னார். ஹெலினா படிப்பதை நிறுத்தினாள்.

"மூணே முக்கா. அப்ப நாம ஆவடி குவாட்டர்ஸ்ல இருந்தோம். அஞ்சுன்னு எவ சொன்னா?"

"நான் சொன்னேன். எனக்கு ஞாபகம் இல்ல."

"ஒனக்கு எப்டி இருக்கும்."

அவர் எழுந்து வரவில்லை. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு எங்கோ பார்த்தார்.

"எல்லாக் கொழந்தையும் அம்மான்னு சொல்லும். அதுக்குன்னே காத்துகினு கெடந்தேன், டாக்டராண்டல்லாம் அலஞ்சேன். ஒரு நாளு ராத்திரி எந்திரிச்சு ஒக்காந்து, 'ஃபேன நிறுத்து'ன்னா. தெளிவா. பெரிய மனுசி மாரி. அதான் மொதப் பேச்சு. இவரு பயந்தே பூட்டாரு."

"ஆமா," என்றார் இக்னேஷியஸ்.

ஃபெலிக்ஸ் கேட்டார், "நீங்க இன்னா பண்ணீங்க அத்த?"

"இன்னா பண்றது. நிறுத்தினோம். மே மாசம். வேர்த்து ஊத்துது. மூணு வருசம் அந்த ஊட்டுல ஃபேன் போடல."

ஹெலினா ஃபெலிக்ஸின் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் காட்டிக் கேட்டாள். கொடுத்தார். அஞ்சு என்பதை அடித்து, மேலே மூன்றே முக்கால் என்று எழுதினாள். பிறகு ஓரத்தில் இன்னும் எழுத இடம் இருக்கிறதா என்று பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"மெதுவா சொல்லும்மா," என்றாள். "அடுத்தது நாலு வயசு."